மெல்ல ஏறுங்க, சாமி!

திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிப்பட்டுக்காரர்களிடம் போய் மலை ஏறுவது எப்படி என்று பாடம் நடத்தினால் சிரிப்பார்கள். ஆங்கில வருஷம் பிறக்கிற ராத்திரி திருத்தணியில் 365 படிக்கும் பூஜை நடக்கும்போது, அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் சுற்றுப்பட்டுக் கிராமத்து ஆட்கள்தான். சோளிங்கர் யோக நரசிம்மரைப் பார்க்க 1,305 படி. 2024-ல் ரோப் கார் வந்த பிறகும், வேண்டுதல் உள்ளவர்கள் அதில் ஏறுவதில்லை. புரட்டாசி வந்தால் அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படி. உள்ளூர் அலுப்புக்கு நெடியம் மலை இருக்கிறது. பக்கத்தில் நகரி மூக்கு நிற்கிறது. ஒரு காலத்தில் சென்னைக் கரையை நெருங்கும் கப்பல்காரர்களுக்குக் கடலிலிருந்தே அது அடையாளம்.

இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து சென்னை, பெங்களூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் இப்போது முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, குழுவாக இமயமலைக்குக் கிளம்புகிறார்கள். குல்லு, உத்தரகாசி, சிக்கிம் என்று ஊர்ப்பெயர்கள் வீட்டில் புழங்கத் தொடங்கிவிட்டன. “திருமலையையே ரெண்டு மணி நேரத்துல ஏறினவன், எனக்கென்ன?” என்கிற தைரியம்தான் பலருக்கும் முதல் தகுதி. நானும் அப்படி ஒரு குழுவோடு ஹம்ப்தா கணவாய் வரை நடந்திருக்கிறேன். என் கணக்கில் அந்தத் தைரியத்தில் பாதியை ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. மீதிப் பாதியைக் கட்டாயம் எடுத்துப் போக வேண்டும். எந்தப் பாதி எது என்பதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் உயரக் கணக்கு. திருமலை ஆயிரம் மீட்டரைத் தொடாது. தமிழ்நாட்டின் தலையாய உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். மணாலிக்கு மேலே ஜோப்ரா என்ற இடம் இருக்கிறது. ஜீப்பிலிருந்து இறங்கி ஹம்ப்தா பயணத்துக்கு முதல் அடி வைக்கிற இடம். அது ஏறக்குறைய 2,900 மீட்டர். அதாவது, தமிழ்நாட்டில் எந்த மண்ணில் நின்றாலும் எட்டாத உயரத்தில்தான் அங்கே நடையே ஆரம்பிக்கிறது. அங்கிருந்து சிக்கா, பாலு கா கேரா என்று முகாம் முகாமாக ஏறி, 4,270 மீட்டரில் கணவாயைத் தாண்டி, மறுபக்கம் லாஹௌலில் இறங்க வேண்டும்.

அந்த உயரத்துக் காற்றில் ஆக்சிஜனே இல்லை என்று சிலர் பயமுறுத்துவார்கள். விகிதம் எல்லா இடத்திலும் ஒன்றுதான், நூற்றுக்கு 21. காற்றின் அழுத்தம்தான் குறைகிறது. கணவாயில் நிற்கும்போது ஒரு மூச்சுக்கு உள்ளே போகும் ஆக்சிஜன், பள்ளிப்பட்டுப் பஸ் ஸ்டாண்டில் நின்று இழுக்கும் மூச்சில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்கு இருக்கும். உடம்பு இதற்குப் பழகும். மூச்சு வேகமாகும், சிறுநீர் அதிகம் போகும், நாள்போக்கில் ரத்தத்தில் சிவப்பணு கூடும். ஆனால் இதற்கெல்லாம் உடம்பு கேட்கும் காசு நேரம்தான். மூவாயிரம் மீட்டருக்கு மேலே போய்விட்டால், நேற்றுத் தூங்கிய இடத்தைவிட இன்று தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. உயர்மலை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது.

கோயில் மலை நமக்குப் பழக்கியிருப்பது இதற்கு நேர் எதிரானது. விடியற்காலை வெறும் வயிற்றோடு கிளம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே வீச்சில் ஏறி, தரிசனம் முடித்து, அன்றைக்கே இறங்கி வீட்டுச் சாப்பாடு. நடுவில் உட்கார்ந்தால் “கால் பிடிச்சுக்கும், எழுந்திரு” என்பார்கள். ஆயிரம் மீட்டருக்குள் இதில் பெரிய சேதம் இல்லை. நாலாயிரத்தில் இதே வீம்பு ஆளைச் சாய்த்துவிடும். வயசுப் பிள்ளைகள், விளையாட்டுக்காரர்கள், ஜிம் போகிறவர்கள் யாருக்கும் இதில் விலக்கு இல்லை. தெம்பு இருப்பவன் வேகமாக ஏறுகிறான், அதனாலேயே சீக்கிரம் மாட்டிக்கொள்கிறான்.

இப்படி ஆளைச் சாய்க்கும் உயர்மலை நோயைப் பற்றி உலகமே படிக்கும் பாடத்தில் நம் ராணுவத்துக்கு முக்கியமான பங்கு உண்டு. 1962 சீனப் போரின்போது சமவெளி ஜவான்களை அவசர அவசரமாக இமயத்தின் மேல்தட்டுக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். பலர் குண்டு படாமலே விழுந்தார்கள். இந்தர் சிங் தலைமையில் ராணுவ மருத்துவர்கள் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969-ல் வெளியிட்ட கட்டுரை இன்றும் இந்தத் துறையில் மேற்கோள் காட்டப்படுகிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை என்று சாதாரணமாக ஆரம்பிக்கும். முற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இளைக்கும். அல்லது மூளை வீங்கும். கோடு போட்டது போல் நேராக நடக்கச் சொன்னால் தள்ளாடுவார்கள். இரண்டுக்கும் தலையாய மருந்து ஒன்றுதான், கீழே இறங்குவது. டையமாக்ஸ் மாத்திரை உடம்பு பழகுவதற்கு உதவும். அதை மருத்துவர் சொல்லித்தான் போட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டோம் என்று வேகமாக ஏற அது லைசென்ஸ் ஆகாது.

பாலு கா கேரா முகாம் 3,600 மீட்டரில் இருக்கிறது. மரங்கள் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். பூர்ஜ மரத்தின் கடைசிப் புதர்களைத் தாண்டினால் புல்லும் பாறையும் ஓடையும்தான். சாயங்காலம் வழிகாட்டி எல்லோர் விரலிலும் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்ப்பார். கொரோனா காலத்தில் 94-க்குக் கீழே போனால் ஆம்புலன்சைக் கூப்பிட்ட நமக்கு, அங்கே 88, 90 என்று எண் வருவதைப் பார்த்தால் பகீரென்று இருக்கும். அந்த உயரத்துக்கு அது சகஜம். எண்ணை விட ஆளைப் பார் என்பார்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பி, சோளிங்கர் மலையை ஓடியே ஏறுகிறவன், கூடாரத்தின் ஓரத்தில் சாப்பாட்டுத் தட்டை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

“தலை வலிக்குதா தம்பி?”

“இல்லைண்ணா. வெயில்ல நடந்தது, அவ்ளோதான்.”

“வாந்தி வர்ற மாதிரி இருக்கா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லைண்ணா. காலையில சரியாப் போயிடும்.”

அவன் மறைக்கிறான் என்பது அத்தனை பேருக்கும் தெரிந்தது. தன்னால் குழு நின்றுவிடக் கூடாதே என்ற கூச்சம். இந்தக் கூச்சம்தான் மலையில் குளிரை விட மோசமானது. வழிகாட்டி அதட்டவில்லை. சூடாகத் தண்ணீர் கொடுத்தார், பையைக் கழுதை மேல் ஏற்றச் சொன்னார். காலையில் வலி குறையவில்லை என்றால் தன் உதவியாளோடு கீழே அனுப்புவதாக எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். காலையில் குறைந்திருந்தது. குறையாமல் இருந்திருந்தால் அவன் இறங்கியிருக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை.

இனி அந்த மீதிப் பாதி. நம் பக்கத்தில் கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் ஏராளம். எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பம்பைக்குப் பெரிய பாதையில் நடந்தவர்களும் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். தலையில் இருமுடி, வழியில் சமையல், காட்டில் படுக்கை. முதுகுப்பைப் பயணம் என்று இன்றைக்குப் பெயர் சூட்டி விற்கிற சங்கதியை இவர்கள் பல தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. வழி தெரிந்த குருசாமி முன்னால். கன்னிச்சாமிகள் நடுவில். அனுபவப்பட்ட இன்னொரு சாமி கடைசியில், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. எல்லோரும் வந்து சேர்ந்த பிறகுதான் சாப்பாடு. ஒருவருக்குக் கால் சுளுக்கினால் அவர் முடியை மற்றவர் சுமப்பார்.

ஹம்ப்தாவில் வழிகாட்டிகள் நடத்துவது எழுத்துக்கு எழுத்து இதே ஒழுங்கைத்தான். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். நடுவில் யார் மெதுவாக நடக்கிறாரோ அவரை முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். குழு அவர் வேகத்தில் போகும். வேகமாக நடப்பவர்களுக்கு இது பொறுக்காது. சென்னையிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் முதல் நாள் முணுமுணுத்தார்கள். மாலை போட்டுப் பழகிய எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மட்டும் எதுவும் பேசாமல் கடைசி ஆளோடு போய்ச் சேர்ந்துகொண்டார். அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஏறும் வேகத்தைப் பொறுத்தவரை நாம் மறக்க வேண்டியது நிறைய. ஆனால் குழுவாக நடப்பதில் நமக்குத் தெரிந்ததை, மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் வகுப்பு வைத்துச் சொல்லித் தருகின்றன.

பையைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டுப் பத்துக் கிலோவுக்கு மேல் வேண்டாம். சுமை தோளில் தொங்கக் கூடாது, இடுப்புப் பட்டை தாங்க வேண்டும். கனமான சாமான் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். முறுக்கு, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி எல்லாம் அம்மாக்கள் திணிப்பார்கள். பருப்புப் பொடிக்கு மட்டும் நான் ஓட்டுப் போடுவேன். காரணம் அங்கே கிடைக்கும் சோறு. 3,600 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, திறந்த பாத்திரத்தில் அரிசி நறுக்கென்றே நிற்கும். அதனால்தான் கழுதை மேல் முதலில் ஏறும் சாமான் பிரஷர் குக்கராக இருக்கிறது. அப்படியும் பசி மந்தித்துப்போகும். பொடி இருந்தால் நாலு வாய் கூடுதலாக இறங்கும்.

துணி விஷயத்தில் எங்கள் தாலுகாக்காரர்களுக்கு மனசு நோகும். பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் பருத்தியைக் குறை சொல்ல முடியுமா? சித்திரை வெயிலுக்குப் பருத்தியை மிஞ்சி ஒன்றும் இல்லைதான். ஆனால் பருத்தி ஈரத்தைக் குடித்துவிட்டு விடாது. வியர்வையில் நனைந்த பனியனோடு கணவாய்க் காற்றில் நின்றால், அது உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே சீக்கிரம் காயும் பாலியெஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி, நடுவில் ஃபிலீஸ், மேலே காற்றும் மழையும் புகாத சட்டை. இப்படி மூன்று அடுக்கு. ஜீன்ஸ் கூடவே கூடாது. லுங்கியைக் கூடாரத்துக்குள் கட்டிக்கொள்ளலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு இல்லை. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை எரித்துவிடும்.

தண்ணீர் தாண்டுவதில் மட்டும் எங்கள் ஆட்களுக்கு நிஜமான அறிவு இருந்தது. ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து நெடியம் தரைப்பாலம் மூழ்குவதும், அக்கரைக் கிராமங்கள் துண்டிக்கப்படுவதும் வருஷம் பார்க்கும் காட்சி. இங்கே மழை இல்லாமலே ஆறு ஏறும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இமயத்து ஓடையும் அப்படித்தான் ஏமாற்றும். காலையில் முழங்காலளவு ஓடுவது, வெயில் ஏறிப் பனி உருக உருகப் பிற்பகலில் இடுப்பைத் தொடும். வானம் நீலமாகவே இருக்கும். அதனால் ஓடைகளைக் காலையிலேயே தாண்ட வேண்டும். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும், விழுந்தால் பையை உதறித் தப்பிக்க அதுதான் வழி. கையோடு கை கோத்து, ஓட்டம் வரும் திசையைப் பார்த்துப் பக்கவாட்டில் நகர வேண்டும். பனி உருகிய தண்ணீர் என்பதால், பத்து நொடியில் பாதம் இருக்கிறதா என்றே தெரியாமல் போகும்.

கணவாயைத் தாண்டுகிற நாள் நீளமானது. ஒரு பக்கம் குல்லுவின் பச்சை, புல்வெளியும் பூவும் மேகமும். மேலே ஏறி நின்று மறுபக்கம் பார்த்தால் லாஹௌல். மழை மறைவுப் பிரதேசம், பழுப்பும் சாம்பலுமாக ஒரு செடி இல்லாத மண். தேவ் திப்பா, இந்திராசன் என்று ஆறாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் அருகில் நிற்கும். இந்த வழியை யாரும் நமக்காகப் போடவில்லை. கத்தி (Gaddi) என்ற இனத்து இடையர்கள் கோடைக்கு ஆடுகளை லாஹௌல் மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகும் பாதை இது. நாம் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, தோளில் ஆட்டுக்குட்டியோடு ஒரு பெரியவர் பீடி புகைத்தபடி தாண்டிப் போவார். இறங்கினால் ஷியா கோரு, பிறகு சந்திரா நதிக்கரையில் சத்ரு. முன்பெல்லாம் அங்கிருந்து மணாலி திரும்ப ரோத்தாங்கைச் சுற்ற வேண்டும். 2020 அக்டோபரில் ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு லாஹௌலிலிருந்து மணாலிக்குத் திரும்பும் வழி சுருங்கிவிட்டது.

விபத்துகளைப் பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது அயோக்கியத்தனம். 2018 மார்ச் 11-ஆம் தேதி போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சென்னை, ஈரோடு, திருப்பூரிலிருந்து போன மலையேற்றக் குழுவினர் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடுங்கோடையில், காய்ந்த புல்வெளியில், அந்தப் பாதையில் போயிருக்கவே கூடாது. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் லாஹௌலில் பருவம் தப்பிப் பனி கொட்டியது. ஹம்ப்தா பக்கம் போன ரூர்க்கி ஐ.ஐ.டி மாணவர்கள் உட்பட 45 பேரைப் பற்றித் தகவலே இல்லை என்று நாடு பதறியது. அவர்கள் பத்திரமாகக் கிடைத்தார்கள். 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தரகாசியின் சஹஸ்திரதால் பாதையில் போன 22 பேர் குழுவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பெரும்பாலும் கர்நாடகத்துக்காரர்கள், அனுபவம் உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். பனிப்புயலில் மாட்டி ஒன்பது பேர் இறந்தார்கள், மற்றவர்களை விமானப்படை ஹெலிகாப்டர்களும் மீட்புக் குழுவினரும் காப்பாற்றினார்கள்.

குழுவாகப் போனோம் என்பது மட்டுமே காப்பாற்றாது. குழுவில் “இன்றைக்கு மேலே போக வேண்டாம்” என்று சொல்ல ஒருவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும், மற்றவர்கள் அதைக் கேட்க வேண்டும். விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டுவதற்கு முன் விசாரிக்க வேண்டிய கேள்விகள் அதனால் வேறு. எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? முதலுதவிப் பயிற்சி யாருக்கு இருக்கிறது? ஆக்சிஜன் சிலிண்டர் எந்த முகாமில்? நோயாளியை இறக்கினால் சாலைக்கு எத்தனை மணி நேரம்? மணாலி வந்த மறுநாளே ஜோப்ராவுக்கு ஏற்றிவிடுகிற பயணத் திட்டங்களை நான் நம்பமாட்டேன். 2,050 மீட்டரிலிருக்கும் மணாலியில் கூடுதலாக ஒரு ராத்திரி தங்குவது வெட்டிச் செலவு கிடையாது. மலைக்கும் நம்மால் சேதம் உண்டு. உத்தரகாண்ட் உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் மேல்மலைப் புல்வெளிகளில் இரவுத் தங்கலையே தடை செய்தது, ஒரு நாளைக்கு 200 பேர் என்று வரம்பும் போட்டது. ரூப்குண்ட் பாதை அதனால் அடைபட்டது. அங்கே போவதாக யாராவது பணம் வாங்கினால் உஷாராக இருங்கள்.

தீவிரமாக இறங்க நினைப்பவர்களுக்கு டார்ஜிலிங், உத்தரகாசி, மணாலி மூன்று இடத்திலும் அரசு மலையேற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. 1954-ல் தொடங்கிய டார்ஜிலிங் நிறுவனத்தில் டென்சிங் நார்கேயே களப்பயிற்சி இயக்குநராக இருந்தார். அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய ஒரு மாதம். நம் பக்கத்திலிருந்து எவரெஸ்ட் வரை போக முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: 2023 மே மாதத்தில் மட்டும் கோவளத்து ராஜசேகர் பச்சையும் விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வியும் உச்சியைத் தொட்டுவிட்டார்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். மூன்று மாதம் முன்னாலேயே எட்டுக் கிலோ பையை மாட்டிக்கொண்டு வாரம் இரண்டு முறை சோளிங்கர் ஏறி இறங்கினால் போதும். ஏறுவதை விட இறங்குவதைக் கவனமாகப் பழகுங்கள், முட்டி போவது அங்கேதான். காட்டில் நடந்து பழக நம் மாவட்டத்திலேயே பூண்டி பக்கம் குடியம் குகைகள் இருக்கின்றன. வனத்துறை 2024 அக்டோபரில் ஆரம்பித்த நாற்பது மலையேற்றப் பாதைகளில் அதுவும் ஒன்று, காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டு போங்கள். ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்கள் அதை அமைப்பாளரிடம் மறைக்க வேண்டாம்.

ஹம்ப்தாவுக்கு ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை போகலாம். தேதி குறிக்கும்போது காலண்டரில் ஆடிக் கிருத்திகை எப்போது வருகிறது என்று பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். எங்கள் குழுவில் காவடி நேர்ந்திருந்த மூன்று பேர் அதைப் பார்க்காமல் பணம் கட்டிவிட்டு, பிறகு அமைப்பாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஆவணி முதல் வாரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.